ஞாயிறு, ஒன்று முதல் இரண்டு வரை

யார்மோ பனியைத் தள்ளுகிறான்.
வாசலிலிருந்து தெரு வரை ஒரு பாதை,
இரண்டு பேர் தோளிடிக்காமல் நடக்கும் அகலம்.
நாங்கள் அப்படி நடந்து வருஷமாகிறது.
வருகிறவர்களாவது நடக்கட்டும்.

நான் ஏலக்காய் ரொட்டியை அடுப்பில் வைக்கிறேன்.
தின்பதற்கில்லை.
வீடு மணக்க வேண்டுமாம்.
சொன்னவள் சுவி, எங்கள் தரகர்.
சுவி என்றால் எங்கள் மொழியில் கோடை.
வெளியே மைனஸ் பத்தொன்பது.

படங்களைக் கழற்றச் சொன்னாள், கழற்றினோம்.
விளக்கை எல்லாம் போடச் சொன்னாள்.
பிறகு படுக்கையறைக் கதவில் சற்றே தயங்கி,
"கட்டிலில் இரண்டு தலையணை இருந்தால்
பார்க்க நன்றாக இருக்கும்" என்றாள்.
அதனால் ஞாயிறுதோறும்
நிலவறையில் அவன் மடக்குக் கட்டில் மடங்கி
அலமாரிக்குப் பின்னே போய்விடும்.
வாரத்தில் ஒரு மணி நேரம்
எங்கள் தலையணைகள்
சேர்ந்து வாழ்கின்றன.

விவாகரத்து ஜூனிலேயே முடிந்தது.
வீடுதான் முடியவில்லை.

காகித ஆலை மூடி இது மூன்றாம் குளிர்காலம்.
தெருவில் பதினாலு வீடு,
ஒன்பதின் முன்னால் பலகை.
விற்க ஒரு ஊரே நிற்கிறது.
வாங்க வருகிறவனோ
அவசரமே இல்லாத மனிதன்.
கையை முதுகில் கட்டிக்கொண்டு வருகிறான்.

லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் யூரோ என்றுதான் ஆரம்பித்தோம்.
லட்சத்துப் பத்தொன்பது.
தொண்ணூற்றெட்டு.
எண்பத்தேழு.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாவதை
இரவில் செல்போன் வெளிச்சத்தில்
படுத்தபடி பார்க்கிறேன்.
வங்கிக்கு இன்னும் தர வேண்டியது தொண்ணூற்றிரண்டு.

கட்டிப் பார்த்தோம்.
கல்யாணம் பண்ணியும் பார்த்தோம்.
விற்றுப் பார் என்று
எந்தப் பழமொழியும் எச்சரிக்கவில்லை.

ஒரு மணிக்கு வீட்டைச் சுவியிடம் விட்டுவிட்டு
ஏரிக்கரையில் காரை நிறுத்தி உட்காருகிறோம்.
இருப்பது ஒரு கார்தான்.
ஹீட்டர் இரைகிறது. நாங்கள் பேசவில்லை.
வெள்ளையாய் ஒரு வண்டி பாலம் தாண்டுகிறது.
"வேகம் குறைக்கிறான்" என்கிறான்.
நான் மூச்சைப் பிடிக்கிறேன்.
வண்டி திரும்புகிறது,
நிற்கிறது,
வந்த வழியே போய்விடுகிறது.
வழி தவறியவன்.

போன வாரம் ஒருவர் வந்தார், ஹெய்மோ என்று பெயர்.
ஈரம் பார்க்கும் கருவியைச்
சுவருக்குச் சுவர் வைத்தார்,
நோயாளியிடம் ஒன்றும் சொல்லாத டாக்டர் மாதிரி.
குளியலறை மூலையில் மட்டும் "ம்" என்றார்.
அந்த "ம்" என்னைப் புதன் வரை தூங்க விடவில்லை.
வியாழக்கிழமை விலை சொல்லி அனுப்பினார்:
எழுபத்தொன்று.
துணி துவைக்கும் எந்திரம் சேர்த்து,
பனித்தள்ளியும் சேர்த்து.
இன்று மாலை ஆறுக்குள் பதில் வேண்டும்.

யார்மோ கத்தினான்.
அடிமாட்டு விலைக்கு அல்ல.
"என் பனித்தள்ளி அவனுக்கு எதற்கு?"
கைப்பிடி உடைந்தபோது
பிர்ச் மரத்தில் தானே செதுக்கிப் போட்டது.
"வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். தள்ளி கிடையாது."
மூன்று நாளாக அதே பேச்சு.
இருபத்தோராயிரம் கடனைப் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு ஐந்துக்குச் சுவி கூப்பிட்டாள்.
யாரும் வரவில்லையாம்.
"இது வாங்குகிறவர்கள் காலம்" என்றாள்,
வானிலை சொல்வதுபோல.

திரும்பினோம்.
அந்தச் சுத்தமான பாதையில்
எங்கள் காலடி மட்டும்.
வீடு முழுக்க ஏலக்காய்.
அவன் கோட்டைக் கூடக் கழற்றாமல்
நின்றபடியே இரண்டு ரொட்டி தின்றான்.
மேலே போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு
நிலவறைக்கு இறங்கினான்.
கட்டில் விரியும் கிறீச் கேட்டது.

நாலரைக்கே இருட்டிவிட்டது.
ஐந்து. ஐந்தரை.
மேசையில் என் போன்,
மேலெல்லாம் சர்க்கரைத் துகள்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது
படிக்கட்டின் அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது:

"தள்ளியையும் எழுதிக்கொள்ளச் சொல்."

வெளியே மறுபடி விழத் தொடங்கியிருந்தது.